கோட்டைக்குள் ஒருவன்

மேடைத்தமிழுக்குப் புறநானூறு என்றால் வெற்றி. இமயத்தில் கொடி பொறித்தவர்களின் பரம்பரைப் பெருமை. பண்டிதர்களோ, வஞ்சி என்பது கரூரா கொடுங்கல்லூரா என்ற வழக்கோடு நின்றுவிட்டார்கள். இரு சாராரும் கவிதையாக வாசிக்காமல் விட்டது ஆலத்தூர் கிழாரின் 36-ஆம் பாட்டு.

சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருக்கிறான். ஆன்பொருநை, அதாவது தாராபுரம் வழியாகக் கரூருக்கு இறங்கும் இன்றைய அமராவதி. அதன் மணல் பெண்கள் கழங்காடும் இடம். அங்கே காவற்காட்டு மரங்கள் கோடரிக்கு விழுகின்றன. விழுகிற ஓசை நெடுமதிலைத் தாண்டி அரண்மனைக்குள் ஒலிக்கிறது. உள்ளே சேரன் சுகமாக இருக்கிறான். இவனோடு முரசு முழங்கப் பொருதேன் என்பது உனக்குத்தான் வெட்கம் என்கிறார் புலவர், சோழனிடம்.

துறை துணைவஞ்சி, போருக்கு எழுந்தவனைச் சமாதானம் சொல்லித் தடுப்பது. இலக்கணம் இத்தோடு திருப்தியடைந்துவிடும். ஆனால் புலவர் கருணையை யாசிக்கவில்லை. கொல்வதும் விடுவதும் உன் யோசனை என்றுதான் ஆரம்பிக்கிறார். சேரனைக் கோழை என்றும் சொல்லவில்லை. ஒரு சத்தம், அதைக் கேட்டும் எழாத ஓர் உடம்பு. ஓர் ஆட்சியின் தோல்வி அபிப்பிராயமாகாமல் அனுபவமாகிவிடுகிறது.

இந்தச் சேரனுக்குப் பாட்டிலும் பெயரில்லை, பாட்டின் பழங்குறிப்பிலும் இல்லை. தோற்ற இன்னொரு சேரனான கணைக்கால் இரும்பொறைக்குப் பெயர் இருக்கிறது. செங்கணானிடம் பிடிபட்டு, குடவாயிற் கோட்டத்துச் சிறையில், தாமதித்து வந்த தண்ணீரைக் குடிக்காமல் பாடிவிட்டு இறந்தான் என்கிறது 74-இன் குறிப்பு. பொய்கையார் களவழி பாடி அவனை மீட்டார் என்ற மரபு இதோடு ஒட்டாது, அது கிடக்கட்டும். அவன் பாட்டில் எதிரி மேல் ஒரு வசைகூடப் பிரதானமில்லை. தண்ணீருக்குக் கையேந்திய தன்னைத்தான் விசாரிக்கிறான். ஒருவன் தன் தோல்விக்குத் தானே சாட்சி. மற்றவனுக்கு ஒரு புலவர் சாட்சி.

ஆலத்தூர் கிழாரின் சொல் கருவூரைக் காத்ததாகத் தெரியவில்லை. 39-இல் மாறோக்கத்து நப்பசலையார் அதே வளவனை வஞ்சியை வாட்டியவன் என்று புகழ்கிறார். அந்தப் பாட்டில் மிஞ்சுவது சோழன். இதில் மிஞ்சுவது ஊர்: ஆறு, மணல், விளையாடும் பெண்கள், வெட்டுண்ட மரங்கள்.

அதிகாரத்தை எதிர்த்து நாம் எழுதும் கவிதைகளில் அரசன் மேல் வசைக்குப் பஞ்சமில்லை. அவன் காதில் என்ன சத்தம் விழுகிறது என்று எழுதியவர்கள் எத்தனை பேர்?