காமிரா விசுவாசம்

சமீப காலத்தில் புகைப்படக்காரர்களிடையே ஒரு புதுவகை எழுத்து தோன்றியிருக்கிறது. அதற்கு யாரும் இன்னும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. விடைபெறும் கடிதம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு காமிராக் கம்பெனியின் விளம்பரத் தூதராகச் சில வருஷங்கள் இருந்தவர் அந்தப் பதவியிலிருந்து விலகுகிறார். விலகிய கையோடு, கம்பெனிக்கும் தனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை, ஆனாலும் கையிலிருக்கும் காமிரா அதேதான், அதை மாற்றும் உத்தேசம் இல்லை என்று எழுதுகிறார். சம்பந்தம் போய்விட்டது, விசுவாசம் போகவில்லை என்பதே கடிதத்தின் சாரம்.

இதைப் போய் விமர்சனம் செய்வானேன் என்று வாசகர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நாகர்கோவிலில் கல்யாணப் படம் எடுக்கிற நண்பர் ஒருவர், வீட்டு நகையை அடகு வைத்துத்தான் புதுக் காமிரா வாங்குகிறார். ஆவணிக்கும் தைக்கும் வரும் முகூர்த்தங்களை நம்பி அவர் வட்டி கட்டுகிறார். அவர் கடைக்காரர் சொல்லை நம்புவதில்லை, விளம்பரத்தையும் நம்புவதில்லை. கூலி வாங்காதவன் சொல் என்று நினைத்து இந்தக் கடிதங்களைத்தான் நம்புகிறார். ஆகவே அந்த நம்பிக்கைக்குக் கடிதம் தகுதியானதுதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தூதர் என்ற சொல்லைக் கம்பெனிகள் சர்வ சாதாரணமாக எடுத்துக்கொண்டுவிட்டன. தமிழனுக்குத் தூது என்றதும் ஞாபகம் வருபவர் ஔவையார். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் போனவர் அவர். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையோடு காட்ட, இவையெல்லாம் நெய் பூசி, பீலி சூட்டி, அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் சொன்னதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு வைத்திருக்கிறது. கருவியைப் பற்றிய முதல்தரமான விமர்சனம் அது. தன் தரப்பு ஆயுதத்தைப் புகழ்வதற்காகவே வந்த தூதர், அது ஒடிந்து கிடக்கிறது என்று சொல்கிறார்; அதுவே புகழாகிவிடுகிறது. இன்றைய தூதர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தைரியம் உண்டு?

இன்றைய தூதருக்கு மாதச் சம்பளம் என்று அநேகமாக இருக்காது. புதுக் காமிரா சந்தைக்கு வருமுன் கையில் கிடைக்கும். லென்ஸ் இரவலாக வரும். பயிற்சி வகுப்புக்கும் கண்காட்சிக்கும் கம்பெனி கைகொடுக்கும். இதில் தப்பு எதுவும் இல்லை, சொல்லிவிட்டுச் செய்தால். நம் நாட்டில் 2021இல் விளம்பரத் தர நிர்ணய மன்றமும், 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும், சம்பந்தம் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதி வகுத்திருக்கின்றன. ஆனால் விதி, சம்பந்தம் இருப்பதைத்தான் சொல்லச் சொல்கிறது. சம்பந்தம் அற்றுப்போன பிறகும் மனசில் தங்கியிருப்பதை எந்த விதியாலும் சொல்ல வைக்க முடியாது. அங்கேதான் விமர்சனத்துக்கு வேலை வருகிறது.

கடிதத்தின் மீது எனக்குள்ள முதல் சந்தேகம் மிகவும் லௌகிகமானது. காமிராவை மாற்றுவது செருப்பை மாற்றுவது போன்றதல்ல. ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனியின் காமிராவில் நேராகப் பொருந்தாது. பத்து வருஷம் சேர்த்த லென்ஸ்களை விற்றால் போட்ட பணம் திரும்பாது. புதிதாக வாங்க அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். அப்படியானால், 'நான் மாறவில்லை' என்பது விசுவாசமா, மாற முடியாத நிலையா? கடிதம் எழுதுகிறவர் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டால் நான் அவரை நம்பத் தயார். ஆனால் நான் படித்தவற்றில் பெரும்பாலானவை வர்ணத்தின் இனிமையைப் பற்றியும் கைக்கு அடங்கும் சுகத்தைப் பற்றியுமே பேசுகின்றன. பணத்தைப் பற்றிப் பேசுவது கலைஞனுக்குக் கௌரவக் குறைவு என்று எண்ணுகிறார்கள் போலும்.

இரண்டாவது சந்தேகம், விசுவாசம் ஒருவழிப் பாதையாக இருப்பது பற்றியது. நிக்கான் கம்பெனி 1959இல் கொண்டுவந்த லென்ஸ் பொருத்தும் வாயைப் பல பத்து வருஷங்கள் அடிப்படையில் மாற்றாமல் காத்தது. கேனன் கம்பெனியோ 1987இல் பழைய வாயைக் கைவிட்டுப் புது வாய்க்குப் போயிற்று. பழைய லென்ஸ்களை வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். கேனன் செய்தது பிழை என்று சொல்ல மாட்டேன். தானாகக் குவியம் பிடிக்கும் வசதிக்கு அந்த மாற்றம் பெரிதும் உதவியது. 2018இல் இரண்டு கம்பெனிகளுமே புது வாய்க்குப் போய்விட்டன. நல்ல வேளையாக, இடையில் மாட்ட ஒரு வளையம் கொடுத்தன. கோடாக்ரோம் பிலிமை 1935இல் தந்த கோடாக், 2009இல் நிறுத்திற்று. நம் உதகமண்டலத்தில் 1960இல் ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற சர்க்கார் ஸ்தாபனம் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தந்து, பிறகு மூடுண்டு போயிற்று. கம்பெனிகள் லாபத்தைப் பார்க்கின்றன. அதுதான் அவற்றின் தர்மம். அந்த இடத்தில் மனிதன் பக்தியைக் கொண்டுபோய் வைத்தால், நஷ்டம் மனிதனுக்குத்தான்.

அப்படியானால் விசுவாசம் என்பதே கிடையாதா? உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று பேரைப் பார்க்கலாம்.

அமெரிக்கரான ஆன்ஸல் ஆடம்ஸ், 1940களின் இறுதியிலிருந்து போலராய்டு கம்பெனிக்குச் சம்பளம் வாங்கும் ஆலோசகராக இருந்தார். 1984இல் இறக்கும் வரையில் அந்த உறவு நீடித்தது. ஆனால் அவர் செய்த வேலை வெறும் புகழ்பாடல் அல்ல. கம்பெனியின் பிலிமை வெயிலிலும் பனியிலும் சோதித்து, கண்டதைக் குறிப்பு மேல் குறிப்பாக எழுதிக் கம்பெனிக்கே அனுப்பினார். 1968இல் எல் காப்பிட்டான் என்ற பாறைமலையைக் குளிர்காலச் சூரியோதயத்தில் போலராய்டு பிலிமில்தான் எடுத்தார். அந்தக் கம்பெனி 2001இல் திவாலாயிற்று; படம் நிற்கிறது. கூலி வாங்கியவன் சொல் எல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது அத்தாட்சி.

பிரெஞ்சுக்காரரான கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1932இல் லைக்கா வாங்கினார். அதன் பளபளக்கும் உலோகப் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடி வைத்துக்கொண்டார். எதிரே நிற்பவன் கண்ணில் காமிரா படக்கூடாது என்பது அவர் கருத்து. கம்பெனிக்காரர் விரும்புவது அதற்கு நேர் எதிர். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் படமெடுத்தார். 14ஆம் தேதி இரவு மகரிஷி சமாதியடைந்தார். அந்தப் படங்களைப் பார்க்கிறவனுக்கு லைக்கா ஞாபகம் வருவதில்லை. மகரிஷியின் கண்கள்தான் ஞாபகத்தில் நிற்கின்றன. கருவியை மறைத்தவரே கருவிக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தார்.

மூன்றாமவர், 2025இல் காலமான பிரேசில்காரர் செபாஸ்டியாவோ ஸல்காதோ. வெகுகாலம் லைக்காவில் எடுத்தவர், ஜெனிஸிஸ் என்ற பெரிய முயற்சியைப் பென்டாக்ஸில் பிலிம் போட்டு ஆரம்பித்தார். விமான நிலையங்களின் எக்ஸ்ரே சோதனை பிலிமைக் கெடுக்கிறது என்று கண்டு, 2008இல் கேனன் டிஜிட்டல் காமிராவுக்கு மாறினார். பாதி வழியில் கருவியை மாற்றிய அவரை விசுவாசமற்றவர் என்று யார் சொல்வார்கள்? அவருடைய கறுப்பு வெள்ளை மாறவில்லை. அவர் விசுவாசம் வைத்திருந்தது பார்வையின் மேல்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரியோதயத்துக்கு முன்பே காமிராவோடு நிற்கும் படக்காரர்களைப் பார்க்காத யாத்திரீகர் இல்லை. விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் பின்னால் தெரிய, ஒரு குடும்பத்தை நிறுத்தி, உடனே பிரதி போட்டுக் கொடுப்பார்கள். கைபேசி வந்து இவர்கள் பிழைப்பில் பாதியைத் தின்றுவிட்டது. இவர்களை எந்தக் கம்பெனியும் தூதராக்கவில்லை. ஆனால் காமிராவைப் பற்றி இவர்களிடம் கேட்டால் கிடைக்கும் பதில் திட்டவட்டமானது. உப்புக் காற்று எந்தப் பொத்தானை முதலில் அரிக்கும், பழுதானால் உள்ளூரில் சரி செய்ய முடியுமா, திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டுமா, அதுவரை சோற்றுக்கு என்ன வழி என்று சொல்வார்கள். அதன் பிறகுதான், 'ஆனாலும் கை பழகிவிட்டது சார்' என்பார்கள். அந்த 'ஆனாலும்' என்ற வார்த்தைக்கு ஒரு கனம் இருக்கிறது. குற்றங்களை எல்லாம் எண்ணி முடித்த பிறகு வருகிற வார்த்தை அது.

நாஞ்சில் என்றாலே கலப்பை. கருவியின் பெயரை ஊருக்கு வைத்துக்கொண்டு பிழைத்தவர்கள் நாங்கள். எங்கள் வயல்காரர் தன் மம்பட்டியை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கச் சம்மதிக்க மாட்டார். பிடி அவர் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கிறது. மற்றவன் கை பட்டால் அந்த வாகு போய்விடும் என்பார். ஆனால் அந்த மம்பட்டியை அடித்துக் கொடுத்த பட்டறையைப் பற்றிக் கேளுங்கள், இரும்பில் பாதி கலப்படம் என்று வைவார். கருவியிடம் பிரியமும் செய்தவனிடம் தாட்சண்யமின்மையும் ஒரே மனசில் இருக்க முடியும். விடைபெறும் கடிதங்களில் நான் தேடிக் காணாதது இதைத்தான். அவற்றில் கம்பெனியை விட்ட பிறகும் கம்பெனியின் குரல் கேட்கிறது. பதவி போனது; பாஷை போகவில்லை.

எழுத்தாளர்களாகிய நாங்கள் இதில் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. சிநேகிதர் புத்தகத்துக்கு முன்னுரை எழுதும்போது தமிழ் எழுத்தாளன் செய்வதும் தூதர் வேலைதான். காசு கைமாறுவதில்லை; சிநேகிதம் கைமாறுகிறது. வாசகர் முன்னுரையை நம்பிப் புத்தகத்தை வாங்கிவிட்டு, இருபதாம் பக்கத்தில் கொட்டாவி விடுகிறார். சிநேகிதம் முறிந்த பிறகு அதே புத்தகத்தைப் பற்றி எழுதச் சொன்னால், நல்லதும் கெட்டதும் சேர்த்துச் சொல்லி, 'ஆனாலும் படிக்கலாம்' என்று முடிக்கிறவர் எங்களில் எத்தனை பேர்?

ஆகவே வாசகருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தூதர் பதவியை விட்டவர் எழுதும் கடிதத்தை விலகிவிட்டார் என்பதற்காக நம்பவும் வேண்டாம், முன்பு வாங்கித் தின்றவர் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். அதில் காமிராவின் குற்றம் ஒன்றாவது சொல்லப்பட்டிருக்கிறதா, மாறினால் எத்தனை ரூபாய் நஷ்டம் என்ற கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கடிதத்தை மூடி வைத்துவிட்டு, பதவிக்கு வருமுன் அவர் எடுத்த படங்களையும், பதவியில் இருந்தபோது எடுத்தவற்றையும், விட்ட பிறகு எடுத்தவற்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே கண் தெரிந்தால் அந்த மனிதர் விசுவாசமானவர்தான். அவர் கையில் எந்தக் காமிரா இருந்தது என்பதை அதற்கப்புறம் விசாரித்தால் போதும். நகையை மீட்ட பிறகு விசாரித்தால் இன்னும் நல்லது.