குறிஞ்சியின் பொழுது: மலைப்பயணம், மலைவாழ்வு, இயற்கை ஒளிப்படம்

ஆய்வுச்சுருக்கம்

மலை சார்ந்த தமிழ் எழுத்தைச் சூழலியல் திறனாய்வு பெரும்பாலும் குறிஞ்சியின் கருப்பொருள்களைக் கொண்டே அளந்து வருகிறது. முதற்பொருளின் மறுபாதியாகிய பொழுது அவ்வளவீட்டில் விடுபடுகிறது. குடும்பச் சுற்றுலா, மலைவாழ்வு, இயற்கை ஒளிப்படம் ஆகிய மூன்றையும் பொழுதின் வழியே நோக்கி, ‘குறிஞ்சித் தேன்’, ‘எரியும் பனிக்காடு’ ஆகிய நாவல்களையும் மா. கிருஷ்ணனின் பணியையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: முதற்பொருள், பொழுது, திணை மயக்கம், மலைப்பயணம், இயற்கை ஒளிப்படம், மா. கிருஷ்ணன்

வேனிலில் ஏறும் மலை

மலை சார்ந்த நவீனப் படைப்புகளை ஆராயும் கட்டுரைகளில் ஒரு பட்டியல் தவறாமல் இடம்பெறுகிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்று நிரல் வகுத்து, நாவலில் தேன் வருமிடத்தில் ஒரு குறியும் யானை வருமிடத்தில் மற்றொரு குறியும் இட்டு, முடிவில் அப்படைப்பு குறிஞ்சித் திணை சார்ந்தது என நிறுவுகின்றனர். நீலகிரியில் நிகழும் கதை மலைக்கதை என்பது முதற்பக்கத்திலேயே விளங்கிவிடுவதால், இந்நிறுவுதலால் வாசகர் பெறுவது யாதுமில்லை.

தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகக் கொள்கிறது. குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். அதாவது ஐப்பசி முதல் தை வரையிலான நான்கு மாதங்களும், நாளில் நள்ளிரவும். இவ்வரையறையோடு இன்றைய மலைச்சாலைகளைக் காணும்போது ஒரு முரண் புலப்படும். தமிழகத்துக் குடும்பங்கள் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் திரளாகச் செல்வது சித்திரை, வைகாசியில்; அவை வேனிற்காலம். மலையைக் ‘கோடை வாசஸ்தலம்’ எனக் காணும் பார்வை, கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறியதைத் தொடர்ந்து உருவாகி, உதகை சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைமையிடமானபோது நிலைபெற்றது. பள்ளி விடுமுறையும் மே மாத மலர்க்கண்காட்சியும் அப்பழக்கத்தை இன்றளவும் தொடரச் செய்கின்றன.

வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. வழிச்செலவும் பாலையின் பொருளே. ஆகவே குடும்பச் சுற்றுலாவின் மலை, குறிஞ்சி நிலத்தின்மேல் பாலையின் பொழுது கவிந்த ஒரு மயக்கம். இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. தொல்காப்பியம் திணை மயக்கத்தை விலக்கவில்லை. நிலம் மயங்குவதையே விலக்குகிறது. ஆயினும் இம்மயக்கத்தை உணராமல், சுற்றுலா எழுத்தில் வரும் மலையையும் குறிஞ்சிப் பாடலின் மலையையும் ஒரே தட்டில் வைத்து ‘இயற்கை ஈடுபாடு’ என்று முத்திரையிடுவது திறனாய்வின் சோர்வாகும்.

வேறுபாடு பொழுதோடு நிற்பதில்லை, கூற்றிலும் உள்ளது. சங்கக் குறிஞ்சிப் பாடல்கள் வழியைப் பேசாதவை அல்ல. இரவுக்குறியில் வரும் தலைவனிடம் தோழி யானையும் புலியும் திரியும் வழியை, வெள்ளம் பெருகிய காட்டாற்றைச் சொல்லி அஞ்சுகிறாள். அவ்வச்சத்தை முன்வைத்தே வரைவு கடாவுகிறாள். அங்கு வழியைக் குறித்துப் பேசுபவள் மலையில் இருப்பவள், வருபவன் கேட்பவன். பயணக்கட்டுரையிலோ வருபவனே பேசுகிறான். மலையில் இருப்போர் தேநீர் தருபவராகவும் வழி சொல்பவராகவும் வந்து மறைகின்றனர். சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ (1971) தமிழின் மிகச் சிறந்த பயணநூல்களுள் ஒன்று. அந்நூலும் ஆற்றின் போக்கையே தன் போக்காகக் கொண்டதால், குடகுமலை அதில் முதன்மையாகக் காவிரியின் தோற்றுவாயாகவே பொருள்பெறுகிறது. அதைக் குறையாகக் கூறல் பொருந்தாது. நூலின் நோக்கம் ஆறு, மலையன்று.

ஏறியோரும் இறங்காதோரும்

ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ (1963) பொழுதையே கட்டமைப்பாகக் கொண்ட அரிய நாவல். கணவரின் மின்துறைப் பணியால் நீலகிரியில் வாழ்ந்தவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பூத்து மடியும் நீலக்குறிஞ்சியைக் கொண்டு ஆயுளை அளக்கும் படகர் வாழ்வை அவர் எழுதுகிறார். ஒருவர் எத்தனை பூப்புகளைக் கண்டார் என்பதே அவரது வயது. இக்கணக்கில் மலை ஒரு காட்சியாக இருக்க இயலாது. காலத்தை அளப்பதே மலையாகிவிடுகிறது. ராகியும் சாமையும் விளைந்த மண்ணில் தேயிலை ஏறும்போதும், மின்திட்ட அணைகள் எழும்போதும் நாவலுக்குள் மற்றொரு பொழுது நுழைகிறது. அது விலையாலும் கூலியாலும் அளக்கப்படுவது. ஜோகிக்கும் ரங்கனுக்கும் இடையிலான பிளவைக் குணவேறுபாடாக மட்டும் வாசிப்பது போதாது. அவ்விருவரும் வெவ்வேறு கடிகாரங்களில் வாழ்பவர்கள். பிற்பகுதியில் பூப்பின் கணக்கு தளர்ந்து நிகழ்ச்சிகள் விரைவதைக் கலைக்குறை எனக் கொள்ளலாம். அத்தளர்ச்சி நீலகிரிக்கு நேர்ந்ததன் வடிவமாகவும் கொள்ளத் தக்கது. பின்னதே இங்குக் கூடுதல் ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலின் தமிழாக்கமான ‘எரியும் பனிக்காடு’ (மொழிபெயர்ப்பு: இரா. முருகவேள்) முற்றிலும் வேறான ஒரு குடும்பப் பயணத்தைக் காட்டுகிறது. நெல்லைச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறுகின்றனர். கணவனும் மனைவியுமாக மலைக்குப் புறப்படுதல், புதிய குளிர், காணாத காடு என வெளித்தோற்றத்தில் இன்றைய சுற்றுலாவின் உறுப்புகள் அனைத்தும் அதில் உண்டு. திரும்பும் நாள் ஒன்றே இல்லை. கடன் தீர்ந்தால் இறங்கலாம், கடனோ தீர்வதில்லை. சுற்றுலாவினர் படமெடுக்க விரும்பும் பனிமூட்டமே இந்நாவலில் கூலியாட்களின் உடலை நடுக்கி நோயில் வீழ்த்தும் பனி. கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்குரிய பொழுதுகள் என்று ஒப்பித்துவிட்டு இந்நாவலைக் கருப்பொருட் பட்டியலுக்குள் அடக்குவோர், அப்பொழுதுகளில் மலையில் இருந்தே தீரவேண்டியவர் எவர் என்ற வினாவைத் தவறவிடுகின்றனர்.

அத்தோட்டங்கள் இருந்த மலைக்கு இன்று ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் வழியே வால்பாறைச் சாலை ஏறுகிறது. ஒன்பதாம் வளைவிலுள்ள காட்சிமுனையில் கார்கள் நிற்கின்றன. அணையின் நீர்ப்பரப்பையும், வாய்ப்பிருந்தால் பாறையில் நிற்கும் வரையாட்டையும் குடும்பத்தினர் படமெடுக்கின்றனர். சங்கப் பாடல்கள் வருடை எனக் குறிக்கும் விலங்கு இதுவே என்பர். எளிதில் எட்டாத உயரத்தின் அடையாளமாகப் பாடப்பட்ட உயிரைச் சாலை கைப்பேசியின் எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டது. அப்படத்தில் விலங்கு உண்டு, மலை உண்டு. தேயிலைச் சரிவை உண்டாக்கியோர் இல்லை.

ஒளிப்படத்தில் பொழுது

தமிழாய்வு ஒளிப்படத்தைப் பனுவலாக வாசிக்கத் தயங்குகிறது. இத்தயக்கத்தால் மிகுதியும் விடுபட்டவர் மா. கிருஷ்ணன் (1912–1996). அ. மாதவையாவின் மகன் என்ற அளவிலும், ‘மழைக்காலமும் குயிலோசையும்’ தொகுப்பின் ஆசிரியர் என்ற அளவிலுமே இலக்கிய வரலாறுகள் அவரைத் தொட்டுச் செல்கின்றன. 1950 முதல் இறக்கும்வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அவர் இயற்கை குறித்த பத்தியைத் தொடர்ந்து எழுதினார். தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகள் குறித்து 1959 முதல் 1970 வரையிலான தம் களக்கண்காணிப்பை நூலாக்கினார். வண்ணப்படம் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார்.

கறுப்பு வெள்ளையை அவருடைய பிடிவாதமாகச் சுவைபடக் கூறுவது வழக்கம். அதன் விளைவையே இங்குக் கருத வேண்டும். வண்ணம் விலக்கப்பட்ட படத்தில் கண் உடனடியாக மயங்குவதற்கு ஏதுமில்லை. விலங்கின் நிலை, தோலின் மடிப்பு, ஒளி விழும் கோணம், சுற்றியுள்ள புதரின் தன்மை ஆகியவற்றை நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். ஒளியின் கோணமோ பொழுதின் பதிவு. ஆகவே அவர் படங்கள் நிலத்தோடு பொழுதையும் சுமக்கின்றன. அழகிய தோற்றம் ஒன்றைப் பறித்து வருவதற்கும், ஓர் உயிர் ஒரு பொழுதில் ஓரிடத்தில் இருந்த நிலைக்குச் சான்றளிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, கற்பிக்கும் தொனியின்றி அவை காட்டுகின்றன. கொடைக்கானலில் ஆங்கிலேயர் காலத்தில் நடப்பட்ட ஊசியிலை மரத்தோப்பும், சல்லிவன் உருவாக்கிய உதகை ஏரியும் இன்று ‘இயற்கைக் காட்சி’ என்று ஓயாது படமெடுக்கப்படுவதை நோக்க, சோலையும் புல்வெளியும் எது, தோட்டம் எது என்று பிரித்தறியும் அவரது கண்ணின் அருமை விளங்கும்.

பொழுதுபோக்காகப் படமெடுப்போர் அனைவரையும் இதற்கு எதிர்நிலையில் நிறுத்துதல் முறையன்று. ‘இபேர்டு’ தளத்தில் பறவைப் பட்டியல் இடுவோர் நாள், தொடங்கிய நேரம், நோக்கிய கால அளவு, கடந்த தொலைவு ஆகியவற்றைப் பதிந்த பின்னரே படத்தை இணைக்கின்றனர். பொங்கல் நாள்களில் தமிழகத்தில் நிகழும் பறவைகள் கணக்கெடுப்பு முன்பனியில் அமைவது தற்செயலே ஆயினும், ஆசிரியரும் மாணவரும் இல்லத்தரசியரும் இடும் அப்பட்டியல்கள் திணைநூல் கேட்கும் நிலத்தையும் பொழுதையும் ஒருசேரத் தருகின்றன. கட்டுரைகள் தவறவிட்டதை அவை தவறவிடவில்லை.

எஞ்சுவது யாமம். பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து தடை செய்யப்பட்டுள்ளது. இரவு விலங்குகளுக்கு விடப்பட்டிருப்பதால், குறிஞ்சியின் சிறுபொழுது சுற்றுலாக் குடும்பத்திற்கு முற்றும் அடைபட்டுவிட்டது. கிருஷ்ணனின் படங்களும் பெரும்பாலும் பகலொளியின் படங்களே. முதுமலையின் யாமத்தை இன்று படமெடுப்பவை, புலிக் கணக்கெடுப்பிற்காக மரங்களில் கட்டப்படும் தானியங்கிக் கருவிகள். நாளும் மணித்துளியும் படத்தின் ஓரத்திலேயே பதிந்திருக்கும். நிலமும் பொழுதும் இத்துணைத் துல்லியமாக அமைந்த இப்படங்களுக்குக் கூற்று நிகழ்த்துவோர் எவருமில்லை. தலைவனும் தோழியும் இன்றி அமைந்த இக்குறிஞ்சியை வாசிப்பதற்கான கருவிகள் தமிழ்த் திறனாய்வில் இன்னும் உருவாகவில்லை.