மெல்லிய உறவும் இடிந்த பேட்டையும்

உங்கள் நெருங்கிய நண்பர் இருவரை எண்ணிப் பாருங்கள். அவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள் அல்லவா? பெரும்பாலும் அப்படித்தான். நெருங்கிய உறவுகள் இவ்வாறு வட்டமாக மூடிக்கொள்கின்றன. ஒரு வட்டத்துச் செய்தி இன்னொரு வட்டத்துக்குச் செல்ல, எப்போதோ சந்திக்கும் அறிமுகக்காரர் ஒருவர்தாம் பாலமாக வேண்டும். அமெரிக்கச் சமூகவியலார் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுவே.

வேலை தேடுவோரைப் பற்றி அவர் சான்றோடு பேசுகிறார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில், அத்தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தோர் 16.7 விழுக்காடே, எப்போதாவது சந்தித்தோர் 55.6, அரிதாகச் சந்தித்தோர் 27.8. விசாரிக்கப்பட்டோர் 54 பேர்தாம். ஆயினும் அது எண்ணிப் பார்த்த கணக்கு.

பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதிக்கு அவர் தாவும்போதுதான் நமக்கு ஐயம் எழுகிறது. இத்தாலிய வழிவந்த உழைப்பாளிகள் மிகுந்திருந்த பேட்டை அது. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 1958 முதல் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 2,500-க்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. உற்றார் உறவினரோடு அவ்வளவு ஒட்டி வாழ்ந்தவர்கள் ஏன் திரண்டு எதிர்த்து வெல்லவில்லை? ஒட்டி வாழ்ந்ததுதான் காரணம் என்கிறார் ஆசிரியர். வட்டங்களுக்கிடையே பாலமில்லை, தலைவர்மேல் நம்பிக்கை பரவ வழியில்லை.

அழகான விளக்கம்! ஆனால் அங்கே யார் யாரை அறிவார் என்று எவரும் கணக்கெடுத்ததில்லை. சங்கங்கள் அருகியிருந்தன, பலர் வெளியிடங்களில் வேலை பார்த்தனர் என்ற குறிப்புகளிலிருந்து ஊகித்ததே அது. போராடி வென்ற சார்லஸ்டவுனை ஒப்பிட்டுக் காட்டுவது பயனுடையதுதான். எனினும் இரண்டே ஊர்கள். நோயாளி இறந்ததைக் கொண்டு நோயை முடிவு செய்து, அந்நோயால்தான் இறந்தார் என்று சான்றிதழ் எழுதலாமா?

அப்பேட்டையில் 1957-58-இல் குடியிருந்தே ஆராய்ந்தவர் ஹெர்பர்ட் கான்ஸ். மெல்லிய உறவுகள் அங்கும் இருந்தன என்று 1974-இல் அவர் மறுத்தெழுதினார். இடிப்பு உண்மையிலேயே நடக்கும் என்று பலர் நம்பாமலே இருந்ததையும் அவர் நூல் பதிவு செய்துள்ளது. நம்பாதவனுக்குப் பாலம் இருந்தென்ன?

இன்னொன்றையும் கேளுங்கள், வாசகர்களே. வீடிழந்தவர்களின் தொடர்புகளைத் துருவும் அக்கட்டுரை, இடிக்கத் தீர்மானித்த நகராட்சியாருக்கும் புதுக்கட்டடம் எழுப்ப வந்தவர்களுக்கும் இடையே இருந்த தொடர்புகளை ஏன் துருவவில்லை?