பாலாப்பழம்

கோடியக்கரைக் காட்டு விடுதிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் வெளிமானையும் பறவைகளையும் தேடுவார்கள். எனக்குக் கோடையில் அங்கே பழுக்கும் பாலாப்பழம் போதும். வேப்பம்பழம் அளவுதான், நல்ல மஞ்சள். வாயில் போட்டு நசுக்கினால் கனத்த தித்திப்பு. பின்னாலேயே பால் பிசின் உதட்டைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் உதட்டை ஒட்டி ஒட்டிப் பிரித்து 'பச் பச்' என்று சத்தம் எழுப்பிச் சிரிப்பார்கள். பழுப்புக் கொட்டை வழவழவென்று நாக்கில் நழுவும். துப்ப மனம் வராது.

பறிக்கிறவர்களின் பொறுமையைச் சொல்ல வேண்டும். காயை விட்டுக் கனிந்ததை மட்டும், நசுங்காமல், விரல்நுனியால் கிள்ளி எடுக்கிறார்கள். மதியம் மண்சட்டி மீன்குழம்பு, வேதாரண்யம் உப்புப் போட்ட மோர். இரண்டும் அருமைதான். ஆனால் பழத்தை வைத்திருந்தால் குழைந்துவிடும், அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். நல்ல சாக்கு!