லைசென்ஸ் இல்லாத டாக்டர்: 'பிளாக் ஜாக்' படிப்பது எப்படி?

'பிளாக் ஜாக்' என்ற மாங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) முதல் பாகத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒசாமு தெசுகா 1973 முதல் 1983 வரை ஜப்பானின் 'ஷோனென் சாம்பியன்' வார இதழில் வரைந்த 240-க்கும் மேற்பட்ட கதைகள் இவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது பக்கத்தில் முடிந்துவிடும். கையில் கிடைத்த பாகத்தைப் பிரியுங்கள். பக்கமும் கட்டங்களும் வலமிருந்து இடமாக ஓடும், அவ்வளவுதான்.

நாயகன் பிளாக் ஜாக் லைசென்ஸ் இல்லாத சர்ஜன். முகத்தின் குறுக்கே தையல் தழும்பு, பாதி நரைத்த தலை, எப்போதும் கறுப்பு மேலங்கி. பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிட்ட கேஸ்களை எடுத்துக்கொண்டு கோடிக்கணக்கில் யென் கேட்பான். ஆபரேஷன் ஜெயிக்குமா என்று படபடக்காதீர்கள், பெரும்பாலும் ஜெயித்துவிடும். ஃபீஸைக் கவனியுங்கள். பணத்திமிர் பிடித்தவனிடம் வாங்குவது தண்டனை. இல்லாதவனிடம் கேட்பது பரீட்சை. தாயைக் காப்பாற்ற ஆயுள் முழுக்க உழைத்தாவது கட்டுகிறேன் என்று ஒரு மகன் சொல்லும் கதை உண்டு. அந்த வார்த்தைக்காகத்தான் அவ்வளவு பெரிய தொகையைக் கேட்டான் என்பது அங்கே புரியும்.

அடுத்தது ஓவியம். தெசுகா ஒசாகாவில் மருத்துவம் படித்தவர். நத்தையின் விந்தணு பற்றி ஆராய்ந்து 1961-இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனால் மருத்துவத்தைத் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. அந்தப் படிப்பெல்லாம் இந்தப் பக்கங்களில் இறங்கியிருக்கிறது. ஆட்களுக்கு உருண்டைக் கண், கோமாளி மூக்கு. ஆனால் வயிற்றைத் திறந்ததும் கல்லீரலும் குடலும் உடற்கூறியல் புத்தகத்தில் இருப்பதுபோல வந்து நிற்கும். அந்த அதிர்ச்சி வேண்டுமென்றே செய்தது. அதே சூட்டில், ஒட்டுப்போட்ட பன்றி மாதிரி ஒரு ஜந்து சம்பந்தமில்லாமல் கட்டத்துக்குள் குதிக்கும். எரிச்சல்படாதீர்கள், அது அவருடைய பழைய குறும்பு.

மருத்துவ நம்பகத்தன்மையையும் தேடாதீர்கள். இவன் தனக்குத்தானே ஆபரேஷன் செய்துகொள்வான், கம்ப்யூட்டருக்குக்கூடச் செய்வான். இரட்டைச் சகோதரியின் உடலுக்குள் 18 வருடம் கட்டியாகக் கிடந்த உறுப்புகளைச் சேர்த்து அவன் உருவாக்கிய சிறுமிதான் பினோகோ. தன்னை அவன் மனைவி என்று அவள் சொல்லிக்கொள்வது எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ஆனால் அவள் இல்லாத கதைகளில் அந்த வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது.

பிளாக் ஜாக்கின் முகத்தில் ஒரு பகுதி மட்டும் ஏன் கருநிறம்? சிறுவயதில் குண்டுவெடிப்பில் சிதைந்தபோது, மற்ற பிள்ளைகளெல்லாம் பயந்து ஒதுங்க, ஒரு நண்பன் தந்த தோல் அது. பிறகு மாற்றிக்கொள்ள வழியிருந்தும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை. அன்று அவனைப் பிழைக்க வைத்தவர் டாக்டர் ஹோன்மா. அவர் சாகக் கிடக்கும் கதையைச் சீக்கிரமே படித்துவிடுங்கள். தெசுகாவின் அனிமேஷன் நிறுவனம் திவாலாகி, அவர் காலம் முடிந்தது என்று பலர் பேசிய 1973-இல்தான் இந்தத் தொடர் தொடங்கியது. ஹோன்மா கதையின் கசப்பு அதோடு சேர்த்துப் படிக்கும்போது இன்னும் உறைக்கும்.

அதற்குப் பிறகு கிரிகோவிடம் வாருங்கள். ராணுவ டாக்டராக இருந்தவர், இப்போது கருணைக்கொலை செய்கிறவர். இருவரும் முதன்முதலாக மோதும் கதையில், தாய் கிரிகோவைக் கூப்பிட்டிருப்பாள், பிள்ளைகள் பிளாக் ஜாக்கை. கடைசிப் பக்கத்தில் யார் சிரிக்கிறார், யார் கத்துகிறார் என்று பாருங்கள்.