வாணிகர் அறமும் கணக்கும்

வணிகர் சங்கங்களின் ஆண்டு மலர்களில் பட்டினப்பாலைக்கு என்றும் ஓர் இடம் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வாணிகர், வாங்கும்போது உரியதற்கு மேல் கேளாதவர், விற்கும்போது உரியதில் குறையாதவர் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பகுதி, தலைவரின் படத்திற்கு எதிர்ப்பக்கத்தில் அழகாக அச்சேறும். பள்ளிகளிலும் அப்பகுதியே பண்டைத் தமிழரின் வாணிக நேர்மைக்குச் சான்றாகச் சொல்லப்படும். பாட்டின் சிறப்பில் ஐயமில்லை. ஆனால், புகழ்ச்சியாகப் பாடியதை நடைமுறை விதியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆராயத்தக்கது.

பட்டினப்பாலை யாருடைய கூற்று என்பதை முதலில் நினைத்தல் வேண்டும். பொருள்வயின் பிரிய எண்ணிய தலைவன், புகாரையே பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தன் நெஞ்சுக்குச் சொல்வதாக அமைந்தது அப்பாட்டு. புகார் எத்துணை உயர்கிறதோ அத்துணை தலைவியின் அருமையும் உயரும். ஆகவே அந்நகரில் குறை ஒன்றும் தோன்றலாகாது. வாணிகரின் நெஞ்சும் நுகத்தின் நடு ஆணிபோல் கோடாது நின்றே ஆகவேண்டும். இது பாட்டின் தேவை. எனினும் புலவர் உலகம் அறியாதவர் அல்லர். அவ்வாணிகர் நேர்மையாகப் பேசுவதற்குப் பழிக்கு அஞ்சுவதையே அவர் காரணமாகக் காட்டுகிறார். அதே பாட்டில் சுங்கம் கொள்வோர் ஓய்வின்றிக் காவல் நிற்கின்றனர். பண்டப் பொதிகளில் புலிச்சின்னம் பொறிக்கப்படுகிறது. எல்லாரும் தாமே நேர்மையாளராக இருப்பின் முத்திரையும் காவலும் எதற்கு? நெஞ்சின் நேர்மைக்குப் பக்கத்திலேயே பொறியையும் காவலையும் வைத்த புலவர் பெருமானின் நுட்பத்தை மலர்க்குழுவினர் விட்டுவிடுகின்றனர்.

திருக்குறளிலும் இந்நிலையே. நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்கிறது. அதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் பட்டினப்பாலையின் கருத்தை அப்படியே தழுவுவது. ஆசிரியர் பலரும் அவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். வள்ளுவரோ அங்கு நிற்கவில்லை. தெரிந்து தெளிதலின் முதற்குறளில், ஒருவனைப் பணியில் அமர்த்துமுன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஆராயச் சொல்கிறார். தெரிந்து வினையாடலில் அதற்கும் ஒரு படி மேலே செல்கிறார்: எவ்வகையால் ஆராய்ந்து தேறிய பின்னும், கையில் வினை வந்ததும் வேறாகிப் போவோர் பலர். சிலர் என்று சொல்லவில்லை, பலர் என்றே சொல்கிறார். அதனாலன்றோ அவ்வதிகாரத்தை முடிக்கும்போது, வினை செய்வானை நாள்தோறும் நாடிப் பார்க்க வேண்டும் என்று மன்னனுக்குச் சொல்கிறார். வாணிகனுக்குச் சொன்ன குறளை மட்டும் கற்பித்து, பொறுப்பாளரைப் பற்றிச் சொன்ன இவற்றைக் கற்பியாது விடுவது, தராசின் ஒரு தட்டை மட்டும் மாணாக்கர் கையில் கொடுப்பது போன்றது.

இலக்கியத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வந்தால், சங்கமே தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்கலாம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தம் மெய்க்கீர்த்தியில் தம்மை அறங்காவலர் என்று விரிவாகப் புகழ்ந்துகொள்வர். அது எந்நாளும் உள்ள வழக்கமே. ஆனால் சென்னையை அடுத்த காட்டூர்க் கல்வெட்டு அத்தகையதன்று. மயிலாப்பூரில் கூடிய வணிகர், காட்டூரை வீரபட்டினம் ஆக்கியபோது, தம் இனத்தாருள் யார் அங்கு வாழலாகாது என்பதையும் அதில் எழுதி வைத்தனர். வாளை உருவிக் காட்டியும் ஆளைப் பிடித்து வைத்தும் வரியும் சுங்கமும் கேட்போர், மக்களின் உணவைக் கெடுத்தும் பிறவாறும் துன்புறுத்துவோர் ஆகிய வணிகர்க்கு அவ்வூரில் இடமில்லை. இம்முடிவை மீறுவோர் வளஞ்சியர் கூட்டத்துக்கே புறம்பானவர். பிறர் குற்றத்தை எழுதுவது எளிது. தம்மவருள் இத்தகையோரும் இருந்தனர் என்று தம் பெயராலேயே கல்லில் வெட்டிவைக்கத் தனித் துணிவு வேண்டும். மெய்க்கீர்த்தி முழுவதையும்விட இச்சில வரிகளே அக்குழுவுக்குப் பெருமை தருவன எனலாம்.

அக்குழுவின் கை கடலுக்கு இப்பாலும் நீண்டிருந்தது. சுமத்திராவின் பாரூசு அருகே, லோபு துவாவில் 1873-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு 1088-ஆம் ஆண்டினது. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் அதைப் பற்றி எழுதினார். மரக்கலத் தலைவனும் உடன் வருவோரும் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என்று அதில் ஐந்நூற்றுவர் முடிவு செய்தனர். தலைவனுக்கென்று விலக்கில்லை. தண்டுவோன் தன் விருப்பம்போல் கேட்கவும் வழியில்லை. அளவு கல்லிலேயே நிற்கிறது.

கணக்கெழுதும் பணியாளருக்கு உரிய விதியைத் தேடின், உத்திரமேரூர்தான் கைகொடுக்கும். அது ஊர்ச்சபை, வணிகக் குழு அன்று. எனினும் பொதுப்பணம் எங்கும் பொதுப்பணமே. முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே யாவரும் போற்றுவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் மீண்டும் வாரியம் ஏறலாகாது என்னும் விதியை ஒருவாறு குறிப்பிடுவாரும் உண்டு. கணக்கன் பற்றிய விதியைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. நேர்வழியில் பொருள் ஈட்டியவனே கணக்கு எழுத வேண்டும். தன் கணக்கை ஒப்புவித்துத் தூயவன் எனப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணி பெறலாம். தான் எழுதிய கணக்கைத் தானே முடித்துக் காட்ட வேண்டும், வேறொருவன் வந்து முடித்தல் கூடாது. பழைய எழுத்தர் விலகிவிட்டார், புதியவருக்கு ஒன்றும் தெரியாது என்னும் விடையை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அடைத்துவிட்ட விதி இது.

அவசரகாலத்தில் புதுக்கிராமமாக எழுந்து, செர்டாங் பாரு என்று வழங்கிய ஸ்ரீ கெம்பாங்கான் இன்று சிறு கடைகளும் பட்டறைகளும் நிறைந்த ஊர். இத்தகைய ஊரில் தொழிலால் ஒன்றுபட்டோர் சங்கம் காண்பது இயல்பு. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த அறுபது நாளுக்குள் கணக்குடன் கூடிய ஆண்டறிக்கை பதிவகத்துக்குச் செல்ல வேண்டும். அறிக்கை அனுப்பப்பட்டதும் சட்டம் நிறைவுற்றது. நடத்தையோ அதற்கு முன்பே தொடங்குகிறது. ஆண்டு விருந்துக்குச் சாமான் தலைவரின் கடையிலிருந்தே வந்தால் விலையை ஒப்பிட்டுப் பார்த்தவர் யார்? சந்தா வாங்கிய எழுத்தர் ரசீது கொடாதபோது, அவர் நல்லவர் என்று சொல்லி மூத்தவர் ஒருவர் பேச்சை மாற்றிவிடுகிறாரே, அது அவருக்குச் செய்யும் நன்மையா? நல்லவராயின் ரசீது அவருக்கே காவல். கேட்பது அவமதிப்பு என்னும் எண்ணம் பட்டினப்பாலையை அரைகுறையாகப் படித்ததால் வந்தது.

இனி மலர் வெளியிடும் சங்கத்தார் அப்பாட்டை நீக்க வேண்டியதில்லை. அது இருக்கும் பக்கத்துக்கு எதிரே, தலைவரின் படத்தைச் சற்றே தள்ளி வைத்து, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை அச்சிட்டால் ஒரு தாள்தான் கூடும்.