நூலுக்குத் தோதான வீடு

பணி நியமன விளம்பரம் ஒன்றை ஒரு பிரதியாக வாசிக்கலாமா? வாசிக்கலாம் என்றே நினைக்கிறேன். அதற்குள்ளும் ஒரு நாயகன் இருக்கிறான். சொல்லாமல் விடப்பட்டவையும் இருக்கின்றன. கட்டடக்கலைத் துறைகள் ‘கட்டடத் தொழில்நுட்பமும் செயல்திறனும்’ என்ற பிரிவுக்கு உதவிப் பேராசிரியர் தேடி வெளியிடும் விளம்பரங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். சிலவற்றுக்கு விண்ணப்பித்தேன். சிலவற்றை நமக்கானதல்ல என்று மடித்து வைத்தேன். அப்படி மடித்து வைக்கச் செய்தது எது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கட்டி முடித்துக் குடியேறிய பிறகு ஒரு கட்டடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் செயல்திறன் என்கிறோம். வெயிலை எவ்வளவு உள்ளே விடுகிறது, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, புகையும் சத்தமும் எங்கே தங்குகின்றன, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது. பகல் முழுக்க வீட்டுக்குள் இருப்பவளுக்கு இவையெல்லாம் அளக்காமலே தெரியும். ஆனால் விளம்பரத்தில் வருகிறவர் வேறு ஆள். கணினி மென்பொருள்களில் தேர்ந்தவர், பெரிய கட்டுமானத் தளங்களில் ஆண்டுக்கணக்கில் நின்றவர், பிரசவம், பிள்ளை வளர்ப்பு என்று எங்கும் நிற்காமல் ஓடி வந்தவர். ‘ஆண்’ என்ற சொல் எங்கும் இருக்காது. அது தேவைப்படுவதுமில்லை.

நான் பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவள். திருத்தணிப் பக்கத்து வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடை வந்தால் செய்தி வாசிப்பவரே எங்கள் பக்கத்துப் பெயரைச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் முன்கூடத்தில் இரண்டு விசைத்தறிகள், அதற்கு மேலே சிமெண்ட் ஷீட். அம்மா தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவாள், நடுவில் எழுந்துபோய் உலை வைப்பாள். ஜன்னலைத் திறந்தால், “மூடுடி, காத்து பட்டா இழை அறுந்துடும்” என்பாள். வறண்ட காற்றில் பருத்தி இழை வலுவிழக்கும். ஈரப்பதம் இருந்தால்தான் தறி நிற்காமல் ஓடும். அதனால் தரையில் தண்ணீர் தெளிப்போம். மின்விசிறி போட்டால் பஞ்சுத்தூசி பறக்கும் என்று அதையும் நிறுத்திவிடுவோம். காற்றில்லாத புழுக்கத்தில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. எங்கள் வீடு நூலுக்குத் தோதான வீடு. அதற்குள் இருந்த பெண்ணின் உடலுக்கு அது தோதாக இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை, அம்மா உட்பட.

முதுகலை படித்தபோதுதான் இதற்கெல்லாம் பாடப்புத்தகத்தில் பெயர் உண்டு என்று தெரிந்தது. மெல்லிய ஷீட்டால் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. வெயிலில் தானும் காய்ந்து, கீழே இருப்பவர் தலைமேல் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இறக்கும். அதனால் காற்றின் வெப்பநிலையை மட்டும் அளந்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். கருப்பு பூசிய உருண்டைக்குள் வெப்பமானியை வைத்து அளந்தால் கூரையின் சூடும் கணக்கில் வரும். ஒரு சித்திரை மாதம் அம்மா உட்காரும் இடத்தில் அந்த உருண்டையைத் தொங்கவிட்டேன். அதுவே என் ஆய்வேடு ஆனது.

அந்த ஆய்வேட்டோடு ஒரு கல்லூரியின் நேர்காணலுக்குப் போனேன். குழுவில் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது சமூகவியல் மாதிரி இருக்கேம்மா?” என்றார். இன்னொருவர், “சாரத்துல ஏறுவீங்களா?” என்று கேட்டார். வேலை கிடைத்தது. ஆனால் முதல் நாளே துறைத்தலைவர் சொன்னார்: “ஸ்ட்ரக்சர், சர்வீசஸ் எல்லாம் சார் பாத்துக்குவார். நீங்க இன்டீரியர் எடுத்துக்குங்க.” என் எதிரே வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கட்டடம் எப்படி நிற்கிறது, எப்படிச் சூடாகிறது என்பதை அவர்களுக்கு ஒரு பெண் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

தொழில்நுட்பத்துக்கு ஏது ஆண், பெண் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஓர் எண். அலுவலகக் கட்டடங்களின் குளிர்ச்சியை முடிவுசெய்யும் கணக்கில், உட்கார்ந்து வேலை செய்யும் உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியிடும் என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவு 40 வதும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆணிடமிருந்து வந்தது. நெதர்லாந்தின் போரிஸ் கிங்மாவும் வூட்டர் வான் மார்கன் லிஹ்டன்பெல்ட்டும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அந்த அளவு பெண்ணுடலின் வெப்பத்தை 35 சதவீதம் வரை கூடுதலாக மதிப்பிடக்கூடும் என்று காட்டினார்கள். ஏசி அறையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்காரும் பெண்களை இனி யாரும் கேலி செய்ய வேண்டாம். பிழை கணக்கில் இருக்கிறது.

கேட்பவர் மாறினால் கேள்வி மாறும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. உடை தரும் வெப்பக்காப்புக்கான சர்வதேச அட்டவணைகள் சட்டை, கால்சட்டை, கோட்டைச் சுற்றியே உருவானவை. ஹைதராபாத் அடுக்குமாடி வீடுகளில் மக்களின் வெப்ப உணர்வை ஆராய்ந்த கட்டடக் கலைஞர் மாதவி இந்த்ரகண்டி, பின்னர் பெர்க்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து சேலையை அளந்தார். சூடேற்றிய ஆளுயரப் பொம்மைக்குச் சேலையை வெவ்வேறு விதமாகக் கட்டிப் பார்த்து, கட்டும் விதத்தைப் பொறுத்து அதன் காப்பு மாறுவதை 2015இல் பதிவுசெய்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகினால் காற்று படும், போர்த்தினால் கதகதப்பு என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியாததா? அது அறிவியலாவதற்கு, அதைக் கேள்வியாகக் கருதக்கூடிய ஒருவர் ஆய்வாளர் இருக்கையில் இருக்க வேண்டியிருந்தது.

சமையலறைப் புகையின் கதையும் இதுதான். தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் விறகடுப்புப் புகை பெண்களின் மூச்சில் எவ்வளவு சேர்கிறது என்று கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் அளந்து 2002இல் வெளியிட்டார்கள். அடுப்பு வீட்டுக்குள்ளேயா, நடுவில் தடுப்பு உண்டா, தனிக் கொட்டகையா, திறந்தவெளியா என்று பிரித்துப் பார்த்தார்கள். இது முழுக்க முழுக்கக் கட்டடத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் அதைக் கேட்டது போரூரிலிருந்த ஒரு மருத்துவக் கல்லூரி.

பெண்களை நியமித்துவிட்டால் போதுமா? போதாது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940களில் அ. லலிதா படிக்க வந்தார். பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். தந்தை அங்கேயே பேராசிரியர் என்பதால் கதவு திறந்தது. பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டு, பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள் என்பார்கள். இன்றைய விளம்பரங்களும் நேர்காணல்களும் அந்தச் சான்றிதழைத்தான் எனக்கு நினைவூட்டுகின்றன. வாசகம் பழையபடியே இருக்கிறது. ஒரு சொல்லை மட்டும் அடித்துத் திருத்தி நம்மை உள்ளே விடுகிறார்கள். உள்ளே போனதும் இன்டீரியர் வகுப்பைக் காட்டுகிறார்கள்.

வாசகத்தையே மாற்றி எழுத வேண்டும். மென்பொருள் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்கட்டும், அதில் பிழையில்லை. கொடுத்த உடலைத்தான் மென்பொருள் கணக்கிடும். எந்த உடலைக் கொடுப்பது என்று தெரிந்தவரா என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும். குடியிருக்கும் வீட்டிலும் வேலை நடக்கும் கூடத்திலும் அளந்து பார்த்த அனுபவத்தைத் தள அனுபவமாக எண்ணட்டும். குழந்தைக்காக நின்ற ஆண்டுகளைக் குறையாக எழுதாமல் இருக்கட்டும். எந்தப் பாடத்தை நடத்தப் போகிறார் என்பதை நியமன ஆணையிலேயே குறிப்பிடட்டும். முதல் நாள் காலையில் யாரும் வாய்மொழியாக மாற்றிவிட முடியாதபடி.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா இப்போது தார் சுற்றுவதில்லை, முதுகு விடுவதில்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அதே ஷீட்தான், ஜன்னலும் மூடித்தான் இருந்தது. கல்லூரியில் கட்டடக்கலை சேரலாமா என்று தன் மகள் கேட்பதாகச் சொன்னாள். சேரட்டும் என்றேன். அவளுக்கு அங்கே இந்தக் கூரையைப் பற்றிப் பாடம் நடத்துபவர் யார் என்பதுதான் இன்னும் முடிவாகாத விஷயம்.